பனிமலைப் பந்தயமும் பாட்டனார் குறிப்பேடும்

உலகில் நிகழும் பந்தயங்கள் பல. அவற்றுள் வென்றாரை அறிதல் எளிது. பின்தங்கினாரை அறிதல் அரிது. வென்றவர் பெயர் நாம் தேடாமலே நம் செவியில் வந்து விழும். மற்றையோர் பெயரையோ நாமே சென்று தேடிக் காணல் வேண்டும். இதனை யான் எந்நூலிலும் கற்றேனல்லேன். பனியைக் கண்ணாற் கண்டறியாத பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒரு பனிச்சறுக்குப் பந்தயத்தின் முடிபைத் தேடிய நான்கு நாள்களிற் கற்றேன். அக்கதையை இம்மலர் படிக்கும் நண்பர்க்கும் ஆசிரியப் பெருமக்கட்கும் கூற விழைகின்றேன்.

எம் பாட்டனார் பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தடித்த அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றுண்டு. அதில் ஐந்து பத்திகள்: நாள், பந்தயம், பெயர், அளவு, முடிபு. வானொலியிற் கேட்டனவும் செய்தித்தாளிற் கண்டனவும் மைதானத்தில் தாமே அளந்தனவும் ஆகிய பந்தய முடிபுகள் யாவும் அப்பத்திகளில் அமைந்திருக்கும். 1980ஆம் ஆண்டு மாஸ்கோவில் நம் நாட்டு ஹாக்கிக் குழுவினர் பொற்பதக்கம் பெற்றதும் அங்குண்டு. எங்கள் ஊர்ப் பள்ளிகளின் நீளத் தாண்டற் போட்டியும் அதனையடுத்து உண்டு. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் நிகழ்ந்த 400 மீட்டர்த் தடையோட்டத்திற்கு மட்டும் அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார். மூன்றாமிடத்தவர் 55.41 நொடி, நான்காமிடத்தவராகிய பி. டி. உஷா 55.42 நொடி. இவ்விரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கீழே செம்மையாற் கோடிட்டிருந்தார். "நொடியை நூறு கூறு செய்து, அதில் ஒரு கூற்றினால் போயிற்று" என்று சொல்லும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். அவ்வேட்டில் எனக்கும் ஒரு வரியுண்டு. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

நிற்க. 2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் பெய்ஜிங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் விழா நடைபெற்றது. யான் அப்போது பத்தாம் வகுப்பு மாணவன். அவ்விழாவிற்கு நம் நாட்டினின்று சென்ற வீரர் ஒருவரே. அவர் காசுமீரத்தில் குல்மார்க்கையடுத்த ஊரினராகிய ஆரிஃப் கான் என்பார். தொடக்க விழாவிற் கொடியேந்திச் சென்றவரும் அவரே. கல்வான் பள்ளத்தாக்கிற் கலகத்தில் ஈடுபட்ட சீனப் படைவீரர் ஒருவர்க்கு ஒலிம்பிக் சுடரேந்தும் சிறப்பு அளிக்கப்பட்டமையால், தொடக்க விழாவையும் நிறைவு விழாவையும் நேரலையிற் காட்டுவதில்லையெனத் தூர்தர்ஷன் முடிவு செய்தது. கட்டணம் கொடுத்துப் பெறும் விளையாட்டு அலைவரிசையோ எங்கள் வீட்டில் இல்லை. பாட்டனார்க்குக் கண்ணொளியும் குறைந்திருந்தது. ஆகவே என்னையழைத்து, "தம்பி, நம்மவர் ஒருவர் அவ்வளவு தொலைவு போயிருக்கிறார். அவர் என்ன ஆனார் என்று உன் கைப்பேசியிற் பார்த்துச் சொல், யான் எழுதிக் கொள்கிறேன்" என்றார்.

இஃது ஒரு நிமிட வேலையென்றே யானும் எண்ணினேன். இணையத்தில் அகப்படாத பொருளும் உளதோ? பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. பெய்ஜிங்கின் கடிகாரம் நம்முடையதினும் இரண்டரை மணி முந்தியது. நாங்கள் காலை வழிபாட்டிற்குச் சென்று மீண்டபோது ஆங்கு முதலோட்டம் நடந்திருந்தது. யான் முதலிற் கண்டது பதக்கப் பட்டியல். அதில் இந்தியாவின் பெயரே இல்லை. பதக்கம் பெற்ற நாடுகட்கே அதில் இடம் என்பதை உணராது, "தாத்தா, நம் நாடு பட்டியலில் இல்லை" என்றேன். அவர், "போனவர் உண்டென்றால் எண்ணும் உண்டு, தேடு" என்றார். செய்தி நிறுவனங்களின் தளங்களை நாடினேன். ஆங்கெல்லாம் முன்னணி வீரர் மூவர் நால்வர் பெயரே காணப்பட்டன. பின்னர் விழாவினரே நடத்தும் தளத்திற் புகுந்து, விளையாட்டின் பெயரையும் நாளையும் வழியாகக் கொண்டு சென்றபோது, நீண்ட பட்டியலொன்று விரிந்தது. அதன் கீழ்ப்பகுதியில் ஆரிஃப் கான் பெயர் இருந்தது: 53ஆம் இடம், 1 நிமிடம் 22.35 நொடி.

பிற்பகலில், சுவிட்சர்லாந்து நாட்டு மார்கோ ஓடெர்மாட் பொற்பதக்கம் பெற்றார் என்ற செய்தி வந்தது. வென்றவர் பெயர் வெளிவந்துவிட்டமையாற் பந்தயம் முடிந்தது என்றெண்ணி, "ஐம்பத்து மூன்றாமிடம்" என உரத்துக் கூறினேன். பாட்டனார் மைப்பேனாவால் எழுதிக்கொண்டு, "நேரம்?" என்றார். கூறினேன். "வென்றவர்க்கு?" என்றார். "2 நிமிடம் 9.35 நொடி" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நகைத்தார். "அப்படியானால் நம்மவரல்லவா வென்றவர்! பொற்பதக்கத்தைத் தவறுதலாக வேறொருவர்க்குக் கொடுத்துவிட்டார்கள் போலும்" என்றார். யான் நாணித் தலை கவிழ்ந்தேன்.

பிழை எங்கே நிகழ்ந்தது என்பதை அறிய அப்பந்தயத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அதற்கு ஜயண்ட் ஸ்லாலம் என்று பெயர். மலைச்சரிவிற் சிவப்பும் நீலமுமாகிய கொடிக்கோல்களை நட்டு வாயில்கள் அமைத்திருப்பர். வீரர் ஒருவர்பின் ஒருவராய்ப் புறப்பட்டு, ஒரு வாயிலும் தவறாது, வளைந்து வளைந்து இறங்குதல் வேண்டும். ஒரு வாயில் தவறினும் ஓட்டம் கெட்டது. ஒரே நாளில் இவ்வாறு இருமுறை இறங்குவர். இரண்டாம் முறைக்கு வாயில்களை வேறு வகையாக அமைப்பர். இரு நேரங்களையும் கூட்டி வருவதே முடிபு. யான் கண்டது முதலோட்டத்தின் பட்டியல் மட்டுமே.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டாம் ஓட்டத்தில் வரிசை மாறும். முதலோட்டத்தில் 30ஆம் இடம் பெற்றவர் முதலிற் புறப்படுவார். பின்பு 29, 28 என வந்து, முதலிடம் பெற்றவர் முப்பதாமவராக இறங்குவார். 31ஆம் இடத்தினரும் அவர்க்குப் பிற்பட்டோரும் அதன் பின்னரே புறப்படுவர். ஆதலின், பொற்பதக்கம் யாருக்கு என்பது தெளிவான பின்னும் பந்தயம் நடந்துகொண்டேயிருக்கும். உலகம் பார்வையைத் திருப்பிக்கொண்ட அந்நேரத்திலேதான் நம்மவர் மலையுச்சியில் தம் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். யானோ அவர் இன்னும் இறங்காதிருக்கவே அவர்தம் கணக்கை முடித்துவிட்டேன்!

மீண்டும் தேடினேன். இம்முறை உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தளத்தை அடைந்தேன். அதில் ஒவ்வொரு வீரர்க்கும் தனிப்பக்கம் உண்டு. ஒவ்வொரு பந்தயத்திற்கும் இடம், மார்பிலணிந்த எண், பெயர், நாடு, முதலோட்ட நேரம், இரண்டாம் ஓட்ட நேரம், கூட்டுத்தொகை, வென்றவரினும் பிந்திய அளவு ஆகிய யாவும் வரிசைபெற எழுதப்பட்டிருக்கும். அப்பத்திகளைக் கண்டபோது, எம் பாட்டனார் ஏட்டையே யாரோ பெரிதாக்கி வைத்தாற் போலத் தோன்றிற்று. ஆரிஃப் கான், முதலோட்டம் 1 நிமிடம் 22.35, இரண்டாம் ஓட்டம் 1 நிமிடம் 24.89, ஆக 2 நிமிடம் 47.24 நொடி, 45ஆம் இடம்.

"வென்றவரினும் 37.89 நொடி பிந்தினார், தாத்தா. இரண்டாமிடத்தவரோ 0.19 நொடிதான் பிந்தினார்" என்று யான் சற்று இளக்காரமாகக் கூறினேன். பாட்டனார், "பட்டியலின் அடிவரை படித்தாயா?" என்றார். படித்தேன். அன்று அம்மலையிற் கடும்பனி பொழிந்திருந்தது. எதிரே நிற்கும் கோலும் தெளிவாய்த் தெரியாத நிலையில் இரண்டாம் ஓட்டத்தையே தள்ளிவைத்திருந்தனர். புறப்பட்டவர் எண்பதின்மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு ஓட்டங்களையும் முடிக்கவில்லை. வழுவி விழுந்தோரும் வாயில் தவறினோருமாகிய அவர்தம் பெயர்கள் எண்ணின்றி அடியிற் கிடந்தன. அவருட் பலர் பனிநாட்டிற் பிறந்து வளர்ந்தவர். பாட்டனார், தாம் எழுதிய 53ஐ ஒரு கோட்டால் அடித்து, அருகே 45 என எழுதினார். "அடித்ததும் தெரியட்டும். திருத்தம் இல்லாத கணக்கு ஏது?" என்றார்.

மறுநாள் அவர்க்கு ஆர்வம் மிகுந்தது. ஏட்டிற் பழைய வெற்றிடம் ஒன்றைக் காட்டினார். 2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த விழாவில், லூஜ் என்னும் சறுக்குவண்டிப் பந்தயத்திற் கலந்துகொண்ட சிவ கேசவன் பெற்ற இடம் யாதென அவர் அறிந்திலர். கேசவன் 1998ஆம் ஆண்டு நகானோ முதல் 2018ஆம் ஆண்டு பியோங்சாங் வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் விழாக்களிற் பங்கு கொண்டவர். யான் இந்தியா என்ற தலைப்பிற் சென்று தேடினேன். அவ்விழாவில் நம் நாட்டினர் இருவர் பெயரே அகப்பட்டன. கேசவன் பெயர் இல்லை. நெடுநேரம் திகைத்த பின்னரே காரணம் விளங்கிற்று. இந்திய ஒலிம்பிக் சங்கம் அப்போது உலக ஒலிம்பிக் குழுவினால் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அத்தடை 2014 பிப்ரவரி 11ஆம் நாள், விழா நடந்துகொண்டிருக்கும்போதே நீங்கிற்று. கேசவன் ஓட்டமோ அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. ஆகவே அவர் பெயர் ஒலிம்பிக் கொடியின்கீழ், தனித்துப் பங்குபெறுவோர் என்ற தலைப்பில் இருந்தது, இடம் 37. ஒரே நாட்டினின்று சென்ற மூவருள் ஒருவர் ஒரு தலைப்பிலும் இருவர் மற்றொரு தலைப்பிலுமாகப் பிரிந்து நின்றனர். தேடுபொருளின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அப்பொருளை அந்நாளிற் பிறர் எப்பெயரால் அழைத்தனர் என்பதையும் அறிதல் வேண்டும் என்பது அன்று யான் கற்ற பாடம். எட்டாண்டாக வெறுமையாய்க் கிடந்த கட்டத்தில் 37 என எழுதியபோது பாட்டனார் முகத்தில் தோன்றிய நிறைவை யான் என்றும் மறவேன்.

பிப்ரவரி 16ஆம் நாள், புதன்கிழமை, ஆரிஃப் கானின் இரண்டாம் பந்தயம். இது ஸ்லாலம் எனப்படும், இதில் வாயில்கள் இன்னும் நெருங்கியிருக்கும், திருப்பங்கள் மிகுதி. பள்ளியினின்று மீண்டதும், இப்போது நன்கு பழகிவிட்ட அத்தளத்தைத் திறந்தேன். இடம் பெற்றோர் வரிசையில் அவர் பெயர் இல்லை. அடியில், எண்ணில்லாதோர் கூட்டத்தில் இருந்தது. "தாத்தா, இன்று ஒன்றுமில்லை; அவர் பந்தயத்திலேயே இல்லாதது போலத்தான்" என்றேன்.

"ஒன்றுமில்லை என்பது ஒரு முடிபன்று. பெயருக்கு அருகே என்ன எழுதியிருக்கிறது?" என்றார்.

"டி. என். எஃப்."

"டி. என். எஸ். என்று இல்லையே? நன்றாகப் பார்."

யான் அவ்விரண்டையும் ஒன்றென்றே எண்ணியிருந்தேன். பாட்டனார் விளக்கினார். எண்ணில்லாதோரை அப்பட்டியல் மூவகையாய்ப் பிரிக்கும். டி. என். எஃப். என்பது தொடங்கி முடிக்காதவர். டி. என். எஸ். என்பது பெயர் கொடுத்தும் தொடங்காதவர். டி. எஸ். க்யூ. என்பது விதி பிழைத்தமையால் நீக்கப்பட்டவர். "மூவர்க்கும் எண் இல்லை, ஆயினும் மூவரும் ஒருவரல்லர். தொடங்கி முடிக்காதவன் மலையுச்சியில் நின்று கீழே பார்த்தவன்; பார்த்தும் காலை எடுத்து வைத்தவன். தொடங்காதவனுக்கு நோயோ காயமோ, வேறு தக்க காரணமோ இருக்கலாம், அது குற்றமன்று. ஆனால் இவனை அவனென்றும் அவனை இவனென்றும் எழுதக்கூடாது. எழுதினால் ஏடு பொய்யாகிவிடும்" என்றார்.

நண்பர்களே, அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில், யான் முன்னர்க் குறிப்பிட்ட என் வரி அவ்வேட்டில் இருந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்திற்கு யான் பெயர் கொடுத்திருந்தேன். பாட்டனார்க்கு அப்போது கண்ணில் அறுவை நடந்திருந்தமையால் அவர் வரவில்லை. ஓட்டக்காரரை அழைத்தபோது, உயர்ந்த மாணவர் பலர் வரிசையில் நிற்கக் கண்டு அஞ்சி, கைகழுவும் தொட்டியின் பின்னே சென்று ஒளிந்துகொண்டேன். என் பெயரை மூன்று முறை அழைத்தனர். மூன்று முறையும் கேட்டுக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தேன். மாலையில் வீட்டிற்குச் சென்று, இரண்டு சுற்று ஓடியபின் கணுக்கால் பிசகிவிட்டது என்று கூறினேன். பாட்டனார் ஒன்றும் சொல்லாமல், நல்லெண்ணெயைச் சூடாக்கி, நோவில்லாத என் காலைத் தம் கையால் நெடுநேரம் நீவிவிட்டார். பின்பு ஏட்டை எடுத்து, "1500 மீட்டர், பெயரன், தொடங்கினான், முடிக்கவில்லை, கால் பிசகு" என எழுதினார்.

ஈராண்டாக அவ்வரி அங்கேயே இருந்தது. இன்றோ, உலகின் மறுமூலையில் மெய்யாகவே தொடங்கி முடிக்காத ஒருவர் பெயரை அவர் அதே சொற்களால் எழுதப் போகின்றார். அவ்வீரர் அச்சொல்லைத் தம் உடலால் ஈட்டினார். யான் நாவினால் திருடினேன். அவ்விரண்டும் ஓர் ஏட்டில் ஒன்றுபோல் இருத்தல் தகுமோ? பாட்டனார் பேனாவைத் திறந்தார். என்னாற் பொறுக்க முடியவில்லை. "தாத்தா, என் வரி பொய். யான் தொடங்கவேயில்லை" என்று கூறி, நிகழ்ந்ததனைத்தையும் சொல்லி அழுதேன்.

அவர் சினந்திலர், வியந்ததாகவும் தோன்றவில்லை. சற்று நேரம் சென்று, "முப்பதாண்டு பிள்ளைகளின் பிசகிய காலைப் பிடித்துப் பார்த்த கை இது. உன் காலில் வீக்கமில்லை என்பது அன்றைக்கே தெரியும்" என்றார்.

"பின் ஏன் எழுதினீர்கள்?"

"பிறர் ஓட்டத்தை யான் கண்ணாற் காணாதபோது, அவர் சொன்னதை எழுதுவதே என் வழக்கம். திருத்த வேண்டுமானால் அவரே வந்து திருத்தவேண்டும்" என்று கூறி, பேனாவை என் கையிற் கொடுத்தார்.

யான் பக்கங்களைப் புரட்டி என் வரியைக் கண்டு, அதனை ஒரு கோட்டால் அடித்து, "தொடங்கவில்லை, அச்சம்" என எழுதினேன். அதன்பின் அவர் பேனாவை வாங்கி, புதிய பக்கத்தில், "16.2.2022, ஸ்லாலம், ஆரிஃப் கான், தொடங்கினார், முடிக்கவில்லை" என நடுங்கும் கையாற் பெரிய எழுத்தில் எழுதினார். அன்றிரவு யான் நன்கு உறங்கினேன்.

இக்கதையை நீட்டியுரைத்ததற்கு நண்பர்கள் பொறுத்தருள்க. இனி, தொலைவில் நிகழும் பந்தயங்களின் முடிபைத் தேடுவோர்க்கு என் பட்டறிவிற் கண்ட சில கூறி அமைவேன். பதக்கப் பட்டியலோடு நின்றுவிடாதீர்; அது நாடுகளின் கணக்கேயன்றி மனிதரின் கணக்கன்று. விழாவினரின் தளத்தையும், அவ்விளையாட்டை ஆளும் கூட்டமைப்பின் தளத்தையும் நேரே நாடுக. காண்பது முதலோட்டமா, முடிந்த முடிபா என்பதை நேரப் பத்திகளை எண்ணி அறிக. வென்றவர் பெயர் வந்ததும் எழுந்துவிடாதீர். நீர் தேடுபவர் இன்னும் மலைமேல் நின்றுகொண்டிருத்தல் கூடும். பட்டியலை அடிவரை படியுங்கள். மேலே உள்ள மூவரை உலகம் படிக்கும். அடியில் உள்ளோரைப் படிக்க அவரவர் வீட்டாரும் எம் பாட்டனார் போல்வாருமே உளர்.

இறுதியாக ஒன்று. இக்கல்லூரியிற் சேர்ந்து தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலத் தொடங்கிய முதலாண்டில், நம் விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தேன். என் பெயரை ஒருமுறைதான் அழைத்தனர்; அதற்குள் கோட்டருகே சென்று நின்றேன். ஓடினவர் பன்னிருவர், யான் பதினோராமவன். இம்மலரின் விளையாட்டுப் பகுதியில் முதல் மூவர் பெயர்களே வருமாதலின் அச்செய்தியை ஆங்குக் காணமாட்டீர்கள். காண விழைவோர் பாளையங்கோட்டைக்கு வருக. எம் பாட்டனார் ஏட்டில், அடித்த வரிக்குச் சில பக்கங்கள் தள்ளி, "11, முடித்தான்" என்று எழுதப்பட்டிருக்கின்றது.